எல்லை கடக்கும் பணமும் கள்ளாமை நோன்பும்

(செஞ்சியில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வழிபாட்டுக்குரிய இந்நன்னாளில் வங்கிப் பணத்தைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் வியக்கக் கூடும். பொருளை முற்றத் துறந்தவர் முனிவர். பொருளை நெறிப்படி ஈட்டி, நெறிப்படி காத்து, நெறிப்படி ஈபவர் சாவகர். ஆதலால் பொருள் எவ்வழியே வருகிறது, எவ்வழியே செல்கிறது என்று அறிவதும் சாவகர் நெறியின் ஒரு பகுதியே ஆகும். ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பொருள் பெரும்பாலும் நிலத்திலிருந்து வந்தது. நெல்லும் மணிலாவும் எந்த வண்டியில் ஏறின, எந்த மண்டியில் இறங்கின என்று வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரியும். இன்று மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மகள் கடல் கடந்து பணி செய்கிறாள். அங்கு ஈட்டிய பொருள், செஞ்சியில் இருக்கும் தாயின் கைப்பேசியில் ஒரு சிறு மணியோசையாக வந்து சேர்கிறது. அந்த ஓசைக்குப் பின்னால் உள்ள வழியை அறிந்தவர் சிலரே. அறியாமையால் பொருளும் கெடும். சில வேளைகளில் அறமும் கெடும்.

கோட்டையும் காசும்

எல்லை கடந்து பணம் கொடுப்பது செஞ்சிக்குப் புதிதன்று. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் இணைத்து நிற்கும் இக்கோட்டையை நாயக்கர், பிஜப்பூர் சுல்தானியர், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் மாறி மாறி ஆண்டனர். 1690ஆம் ஆண்டில் செஞ்சியில் இருந்து ஆண்ட மராத்திய மன்னர் இராஜாராமிடமிருந்து, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை எனப் பின்னர்ப் பெயர் பெற்றது அதுவே. கடல் கடந்து வந்த வணிகர் ஒருபுறம், மலைக்கோட்டையில் இருந்த அரசர் மறுபுறம். இடையில் வராகன், பணம், ரூபாய் எனப் பலவகை நாணயங்கள். ஒவ்வோர் அரசும் தன் காசினைத் தானே அடித்த அக்காலத்தில், காசின் மாற்றினை உரைத்துப் பார்த்து, எடையிட்டு மாற்றிக் கொடுக்கும் சராப்புகள் இல்லாமல் பெருவணிகம் எதுவும் நடந்திராது.

காசினைச் சுமந்து செல்வதில் கள்வர் அச்சம் இருந்தது. அதற்கு மாற்றாக வணிகர் கண்ட வழியே உண்டி என்னும் சீட்டு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டினைப் பெற்றவர், மற்றோர் ஊரில் அதே வணிகரின் கூட்டாளியிடம் அதனைக் காட்டிப் பணத்தைப் பெறலாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் இம்முறையில் பெருந்தொழில் நடத்தினர். சீட்டில் இருந்த கையெழுத்துக்குப் பின்னால் ஒரு குலத்தின் நாணயம் நின்றது. காசுக்கும் சொல் தவறாமைக்கும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

‘உண்டியல்’ என்னும் சொல்லின் வரலாறும் அத்தகையது. தமிழ்நாட்டில் அச்சொல் இன்று கோவிலில் காணிக்கையிடும் பெட்டியையே குறிக்கிறது. இலங்கைத் தமிழரிடையிலோ, வங்கி வழியாக அல்லாமல் மறைவழியாகப் பணம் அனுப்பும் முறைக்கே உண்டியல் என்று பெயர். ஒரே சொல், ஓரிடத்தில் இறைவனுக்கு ஈவதையும் மற்றோரிடத்தில் அரசுக்கு மறைப்பதையும் குறிக்கிறது. இவ்வுரை சொல்ல முனைவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியே ஆகும்.

காசு நடப்பதில்லை; கணக்கு நடக்கிறது

ஒரு நாட்டு வங்கியிலிருந்து மற்றொரு நாட்டு வங்கிக்குப் பணம் செல்லும்போது, காசு எதுவும் கடலைக் கடப்பதில்லை. ஒரு நாட்டின் வங்கி, மற்றொரு நாட்டின் வங்கியில் முன்னரே ஒரு கணக்கினை வைத்து அதில் பணத்தை இட்டிருக்கும். அனுப்புவோர் இங்கே பணத்தைக் கட்டியதும், ‘எங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்து இன்னாருக்குக் கொடுக்க’ என்று ஒரு செய்தி அங்கே செல்கிறது. அங்குள்ள வங்கி அவ்வாறே செய்கிறது. நடந்தது செய்தி, மாறியது கணக்கு. பழைய உண்டியின் உள்ளமைப்பும் இதுவே. கூட்டாளியின் கடைக்குப் பதிலாக வங்கியும், சீட்டுக்குப் பதிலாக மின் செய்தியும் வந்துள்ளன.

இச்செய்திகளை ஒரே ஒழுங்கில் அனுப்புவதற்காக 1973ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் வங்கிகள் கூடி அமைத்த நிறுவனமே ஸ்விஃப்ட். வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவோரிடம் கேட்கப்படும் ஸ்விஃப்ட் குறியீடு, வங்கியின் உலக முகவரி போன்றது. ஆனால் இவ்வழியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டு வங்கிகளுக்கும் இடையே நேர்த்தொடர்பு இல்லையெனில், நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் நிற்கும். ஒவ்வொன்றும் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும்; நாட்களும் கழியும். தொழிலாளர்கள் தாயகத்துக்கு அனுப்பும் 200 டாலர் அளவிலான சிறு தொகைக்கு, உலகச் சராசரியாக ஆறு விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கி கணக்கிட்டுள்ளது. அதனை 2030ஆம் ஆண்டுக்குள் மூன்று விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவை வகுத்த இலக்கு. நூறு ரூபாயில் ஆறு ரூபாய் வழியிலேயே கரைவது செல்வர்க்குச் சிறிது. கூலி வேலை செய்வோருக்கு அது ஒரு வேளை உணவு.

கூர்க்காவின் பணம்

இதனை எளிதில் உணர்வதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைத்தெருக்களில் இரவு முழுதும் தடியைத் தட்டி விசில் ஊதிக் காவல் செய்யும் கூர்க்காவை அறியாதவர் இல்லை. மாதம் பிறந்ததும் கடை கடையாகச் சென்று பத்தும் இருபதுமாகப் பெறும் அந்தப் பணம், நேபாளத்தின் ஏதோவொரு மலைச்சிற்றூரில் அடுப்பெரிப்பதற்காகச் சேர்க்கப்படுவது. முன்னாளில் அவர்கள் அதனை இடுப்பில் முடிந்து, நாள் கணக்கில் ரயிலில் பயணம் செய்து, கோரக்பூரில் இறங்கி, எல்லையைக் கடந்து எடுத்துச் சென்றனர். வழியில் களவு போனால் ஓராண்டு உழைப்பு போயிற்று. 2018 டிசம்பரில் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களுக்கு நேபாள அரசு தடை விதித்தபோது, கையில் கொண்டு சென்ற நேர்மையான கூலியே குற்றப்பொருள் ஆகும் நிலை ஏற்பட்டது.

இந்த எளியவர்களுக்கென்று ஒரு வழி 2008ஆம் ஆண்டு மே 15 முதலே இருந்து வருகிறது. இந்திய ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய இந்திய–நேபாளப் பணம் அனுப்பும் திட்டமே அது. உள்நாட்டில் வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறையினையே எல்லை வரை நீட்டித்தனர். அனுப்புவோர் தம் ஊரில் நெஃப்ட் வசதியுள்ள வங்கிக் கிளையில் பணத்தைக் கட்டுகிறார். அது பாரத ஸ்டேட் வங்கிக்குச் செல்கிறது. அங்கிருந்து நேபாள எஸ்.பி.ஐ. வங்கிக்குச் செய்தி சென்று, உரியவரிடம் நேபாள ரூபாயாகச் சேர்கிறது. இந்திய ரூபாய் நூற்றுக்கு நேபாள ரூபாய் 160 என்னும் வீதம் 1993 முதல் மாறாமல் இருப்பதால், நாணய மாற்றில் ஏமாற்றுக்கு இடம் குறைவு. தொடக்கத்தில் ஒரு முறைக்கு 50,000 ரூபாய் என்றிருந்த வரம்பு, 2021 அக்டோபர் முதல் இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. வங்கிக் கணக்கே இல்லாதவரும் 50,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கட்டி, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அனுப்பலாம். இந்தியப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்று நேபாளத்தில் வாழும் கூர்க்கா வீரர்களின் ஓய்வூதியமும் இத்திட்டத்தால் எளிதாகிறது.

இவ்வழி இருப்பதைத் தம் கடைக்குக் காவல் செய்யும் ஒருவரிடம் எடுத்துச் சொல்வதும், வங்கிப் படிவத்தை நிரப்ப உதவுவதும் காசு செலவில்லாத ஈகை ஆகும். தானம் நான்கு எனச் சமண நூல்கள் கூறும். உணவும் மருந்தும் அளிப்பதோடு, அறிவு கொடுப்பதும் அச்சம் தீர்ப்பதும் அவற்றில் அடங்கும். உழைத்த பணம் வழியில் களவு போகுமோ என்னும் அச்சத்தை நீக்குவதும் அபயமே.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மணியோசை

இனித் தென்கிழக்கே நோக்குக. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐ முறையும் சிங்கப்பூரின் பே நவ் முறையும் இணைக்கப்பட்டன. இரு நாட்டுப் பிரதமர்களின் முன்னிலையில், இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநரும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநரும் முதற் பணப் பரிமாற்றத்தைச் செய்து காட்டினர். கைப்பேசி எண்ணையோ யுபிஐ முகவரியையோ கொண்டு அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் சில நொடிகளில் பணம் அனுப்பலாம். இந்தியாவிலிருந்து அனுப்புவோருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், ஏறத்தாழ ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி, வரம்பாக வைக்கப்பட்டது. உறவினரின் வாழ்க்கைச் செலவு, அன்பளிப்பு ஆகிய இரண்டு நோக்கங்களுக்கே இவ்வழியில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

தொடக்க நாளிலேயே இதில் சேர்ந்த வங்கிகளுள் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. இரண்டும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பெற்றது. கடல் கடந்த தமிழ் வணிகரின் பணப் போக்குவரவே அதன் பிறப்புக்குக் காரணம். அன்று கப்பலில் சென்ற உண்டிச் சீட்டு இன்று நொடியில் செல்கிறது.

இலங்கையிலும் 2024 பிப்ரவரி 12 முதல் யுபிஐ வழங்குகிறது. எனினும் ஒரு வேறுபாட்டினை மனத்தில் கொள்ள வேண்டும். அங்குச் சுற்றுலா செல்லும் இந்தியர், கடையில் உள்ள கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டிப் பொருளுக்கு விலை கொடுக்கும் வசதியே தொடங்கப்பட்டது. பூட்டான் 2021இலும் நேபாளம் 2024இலும் ஏற்றுக்கொண்டதும் இத்தகைய கடை வசதியே. சிங்கப்பூரைப் போல் ஆளுக்கு ஆள் அனுப்புவது வேறு. கடையில் விலை கொடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவரே, ‘இலங்கைக்கும் கைப்பேசியில் அனுப்பித் தருகிறோம்’ என்று சொல்லும் இடைத்தரகரிடம் ஏமாறுவர்.

கள்ளாமையின் ஐந்து குற்றங்கள்

வழிகளை இதுகாறும் கண்டோர் இனி நெறியைக் காண்க. இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று கள்ளாமை. உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம், அவ்விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து என வகுக்கிறது. கள்வனைத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசின் விதியை மீறி எல்லை கடந்து வாணிகம் செய்தல், அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் வழங்கல், போலியை மெய் என விற்றல் என்பன அவை. களவு என்றால் பூட்டை உடைப்பது மட்டுமே என்று எண்ணாமல், வாணிகத்தின் உள்ளே மறைந்து நிற்கும் களவினையும் அச்சூத்திரம் எண்ணிக் காட்டியது. நூற்றாண்டுகள் பல கடந்தும், மின்வழிப் பணத்தின் குற்றங்கள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் இரண்டையும் சேர்த்துக் காண்க. கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞனிடம் ஒருவர் வருகிறார் என்று கொள்க. ‘உன் வங்கிக் கணக்கில் ஒரு லட்சம் வரும். அதனை நான் சொல்லும் கணக்குக்கு அனுப்பிவிடு. உனக்கு ஐயாயிரம்’ என்கிறார். இளைஞன் எவர் வீட்டையும் திருடவில்லை. ஆனால் அந்த ஒரு லட்சம், எங்கோ ஓர் முதியவரைத் தொலைபேசியில் மிரட்டிப் பறித்த பணமாக இருக்கும். இத்தகைய பணம் பல கணக்குகளில் தாவி, இறுதியில் நாட்டு எல்லையைக் கடந்துவிடும். காவல் துறை தேடி வரும்போது கடந்து சென்றவர் அகப்பட மாட்டார். கணக்கினை இரவல் கொடுத்தவரே அகப்படுவார். கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரும், வேலைவாய்ப்பும் கெடும். களவுப் பொருளை ஏற்றலும் களவே என்று சூத்திரம் கூறியதன் பொருள், இந்த இளைஞனின் வாழ்வில் விளங்குகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே: வங்கிக் கணக்கினைப் பிறருக்கு இரவல் கொடாதே. அறியாத பணம் கணக்கில் வந்தால் அதனைத் தொடாமல் வங்கிக்கு எழுத்தில் தெரிவி.

ஐந்தாவது குற்றமாகிய போலியும் எளிதில் விளங்கும். வங்கியின் பெயரில் போலி இணையதளம், கடைக்காரரின் கட்டத்தின் மேல் ஒட்டிய போலிக் கட்டம், ‘வெளிநாட்டுப் பரிசு வந்திருக்கிறது, சுங்கக் கட்டணம் அனுப்புக’ என்னும் போலிச் செய்தி ஆகியவை எல்லாம் அவ்வகையினவே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது, கொடுப்பதற்கே தேவைப்படும். அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். ஏமாந்துவிட்டால் நாணிக் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் தடுத்து நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு.

பொய்யான தராசும் மறைவான வழியும்

நான்காம் குற்றமாகிய பொய்யளவை நுட்பமானது. ‘கட்டணம் இல்லாமல் அனுப்புகிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொல்கிறது என்று கொள்க. அன்றைய சந்தை வீதம் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய். அந்நிறுவனம் தருவதோ 63 ரூபாய். ஆயிரம் வெள்ளிக்கு 2,000 ரூபாய் ஓசையின்றிப் போயிற்று. கட்டணம் இல்லை என்றது உண்மை. நிறை குறைந்ததும் உண்மை. ஆதலால் ‘கட்டணம் எவ்வளவு’ என்று கேட்பதைவிட, ‘இத்தனை வெள்ளி அனுப்பினால் கையில் எத்தனை ரூபாய் சேரும்’ என்று கேட்பதே அறிவுடைமை.

இப்பொய்யளவை ஒரு நிறுவனம் செய்தால் சிலர் இழப்பர். ஓர் அரசே செய்தால் நேர்வது யாது என்பதை அண்டை நாடாகிய இலங்கை காட்டியது. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கை அரசு ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று வீதத்தைக் கட்டி வைத்தது. சந்தையில் டாலரின் மதிப்பு அதனினும் மிகுதியாக இருந்தது. மேலை ஆசிய நாடுகளிலும் பிற இடங்களிலும் உழைத்த இலங்கையர், வங்கி வழியே அனுப்பினால் குறைவாகவும் உண்டியல் வழியே அனுப்பினால் மிகுதியாகவும் கிடைப்பதைக் கண்டனர். அவர்களில் பலர் உண்டியலை நாடினர். 2020இல் வங்கிகளின் வழியே இலங்கைக்கு வந்த தொழிலாளர் பணம் ஏறத்தாழ 710 கோடி டாலர். 2021இல் அது ஏறத்தாழ 550 கோடி. 2022இல் 380 கோடி. இரண்டே ஆண்டுகளில் பாதியளவாகக் குறைந்தது.

உண்டியல் வழியில் டாலர் நாட்டுக்குள் வருவதே இல்லை. தொழிலாளியின் டாலர் வெளிநாட்டிலேயே தங்கிவிடும். உள்ளூரில் ஒருவர் ரூபாயை மட்டும் வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்வார். வீட்டுக்குக் குறைவில்லை. நாட்டுக்கோ எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மருந்தும் வாங்க டாலர் இல்லை. சுற்றுலா வருவாய் நோய்த்தொற்றால் நின்றது, கடன் சுமை, வரிக்குறைப்பு எனக் காரணங்கள் வேறும் பல உண்டு. எனினும் இதுவும் ஒன்று. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை இலங்கை நிறுத்தி வைத்தது. மக்கள் பெட்ரோலுக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்றனர். அதே ஆண்டு மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பலைத் தமிழ்நாடு அனுப்பியது. நாடுகளுக்கு இடையே பணம் தீர்ப்பதற்கென 1974இல் அமைக்கப்பட்ட ஆசியத் தீர்வக ஒன்றியத்தின் வழியே இலங்கை செலுத்த வேண்டிய தொகைக்கு இந்தியா தவணை நீட்டித்துத் தந்தது.

இங்கே எவர் குற்றவாளி? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக நான்கு காசு மிகுதியாகத் தரும் வழியை நாடிய ஏழைத் தாயைக் கள்வர் என்று கூறுவது நேர்மையாகாது. முதலில் பிழைத்தது தராசு. அரசு பொய்யான தராசைப் பிடித்தது. மக்கள் சந்தையை விட்டு மறைவழிக்குப் போயினர். நான்காம் குற்றம் மூன்றாம் குற்றத்தை ஈன்றது. 2022 மார்ச்சில் வீதம் தளர்த்தப்பட்டது. 2023இல் வங்கி வழியாக வந்த பணம் மீண்டும் ஏறத்தாழ 600 கோடி டாலரை எட்டியது. தராசு நேரானதும் மக்கள் நேர்வழிக்குத் திரும்பினர். அரசுக்கு உரிய பாடமும் குடிமக்களுக்கு உரிய பாடமும் இதில் ஒருங்கே உள்ளன.

இந்தியாவில் இன்று தராசு அவ்வாறு பிழைபட்டு நிற்கவில்லை. வங்கி வீதத்துக்கும் சந்தை வீதத்துக்கும் இடையே பெரும் பிளவு இல்லை. சட்டவழியில் ஓர் ஆண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பவும் இடம் உண்டு. அவ்வாறிருக்க ஹவாலா என்னும் மறைவழியை நாடுவோருக்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அத்தகைய தொகையைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். முற்காலத்து உண்டி குலத்தின் நாணயத்தில் நின்றது. அன்றைய வழக்கமும் அதற்கு இடம் கொடுத்தது. இன்றைய ஹவாலா பெயரையும் முகத்தையும் மறைத்து நிற்பது. வடிவம் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல.

அறக்கட்டளைகளுக்கு ஒரு சொல்

இறுதியாக, ஆலயங்களையும் அறக்கட்டளைகளையும் நடத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. திருப்பணிக்கு வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் பொருள் அனுப்ப விரும்புவது இயல்பு. வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இந்தியக் குடியுரிமை உடையவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அளிப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அதே ஊரில் பிறந்து, அதே ஆலயத்தில் பெயர் சூட்டப்பெற்ற ஒருவர், சிங்கப்பூர்க் குடியுரிமையைப் பெற்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் அளிப்பது வெளிநாட்டு நன்கொடை. அவர் இந்திய ரூபாயாகவே கொடுத்தாலும் அதுவே விதி. அதனைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அறக்கட்டளைக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அத்தொகை புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே முதலில் சேர வேண்டும்.

‘அவர் தம் தாயின் கணக்குக்கு அனுப்பட்டும், தாய் தம் பெயரில் கொடுக்கட்டும்’ என்று எளிய வழி சொல்வோர் உண்டு. மகன் தாய்க்கு அனுப்புவது தாயின் செலவுக்காகவெனில் அதில் குற்றமில்லை. ஆலயத்துக்கு உரியதைத் தாயின் பெயரால் மறைத்து அனுப்பினால், வழி நேரானதாகத் தோன்றினும் கணக்கு பொய்யாகிறது. அறத்துக்காகச் செய்த சிறு பொய், அறக்கட்டளையின் பதிவையே இழக்கச் செய்யக் கூடும். கொடுப்பவரின் குடியுரிமையைக் கேட்டு எழுதிக்கொள்வது அவருடைய அன்பை ஐயுறுவது ஆகாது. அந்த அன்பினைக் காப்பது ஆகும்.

செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரரின் திருவுருவங்களுக்கு அருகே ஒரு பழைய கல்வெட்டு உள்ளது. சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அது குறிக்கிறது. மிகைப்படுத்திய புகழுரை எதுவும் அதில் இல்லை. பெயரும் நாட்களின் எண்ணிக்கையும் மட்டுமே உள்ளன. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி வைத்த அம்முன்னோரின் வழிவந்தோர், தம் வீட்டுக் கணக்கினையும் ஆலயக் கணக்கினையும் அவ்வாறே எழுதி வைப்பாராக. அப்போது எந்த எல்லையைக் கடந்து வந்தாலும் அப்பொருள் அறப்பொருளாகவே வந்து சேரும்.

அறம் வளர்க.